மடல் இருக்கும் இடம்: தியாகராய நகர் வணிகமும் மின்னஞ்சல் காப்பும்

தியாகராய நகர் ஏரிப்படுகையில் எழுந்த நகரம். நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததும், ஆங்கிலேயர் தம் ஆவணங்களில் 'லாங் டேங்க்' என்று குறித்ததுமான நீர்நிலையின் மாம்பலம் பகுதி 1923-இல் வடிக்கப்பட்டது. நீதிக்கட்சி ஆட்சியில் அங்கே மனைகள் பிரிக்கப்பட்டு, 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் அக்குடியிருப்புக்குச் சூட்டப்பட்டது. குடியிருப்பாகத் திட்டமிடப்பட்ட அப்பகுதி விரைவிலேயே வணிகத்துக்கும் இடம் தந்தது. 1928-இல் நல்லி சின்னசாமி செட்டியார் தொடங்கிய பட்டு வணிகம், பின்னர் பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் பெருகிய துணிக்கடைகளும் நகைக்கடைகளும், தீனதயாளு தெரு வானதி பதிப்பகம் முதலான புத்தக நிறுவனங்கள் ஆகிய அனைத்துக்கும் வெளியூர்த் தொடர்பு இன்றியமையாததாக இருந்தது. நெசவாளர், தரகர், வெளியூர் வாடிக்கையாளர், கடல் கடந்த வாசகர் ஆகியோரின் முகவரிகளும் அவர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்துமே இவ்வணிகங்களின் கண்ணுக்குப் புலப்படாத முதல். அந்த முதல் எங்கே இருந்தது, யார் பொறுப்பில் இருந்தது, அதன் நகல் எங்கே வைக்கப்பட்டது என்ற கேள்விகளுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்தினால், ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று அறிவதே அதைக் காப்பதன் முதற்பாதி என்பது தெளிவாகும்.

தாள் புழங்கிய காலத்தில் இக்கேள்வி எழவே இல்லை எனலாம். அன்றாட வரவு செலவு நாள்வழியில் ஏறியது. ஆள்வாரியான கணக்கு பேரேட்டில் ஏறியது. வந்த கடிதங்களும் ரசீதுகளும் கம்பியில் குத்தப்பட்டன. அனுப்பிய கடிதத்துக்குக் கார்பன் தாள் நகல் கோப்பில் தங்கியது. முகவரிகளுக்கெனத் தனி நோட்டு இருந்தது. 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் முறை நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை 'சென்னை-17' என்று எழுதப்பட்டு வந்த இப்பகுதி 600017 ஆயிற்று; வெளியூர் முகவரிகள் ஒவ்வொன்றோடும் ஆறு இலக்கம் சேர்க்கும் வேலை கணக்குப்பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. ஏடுகள் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் உள்ளன என்பதைக் கடையில் வேலை செய்த எவரும் சொல்ல முடிந்தது. இம்முறையின் குறை வேறிடத்தில் இருந்தது. கையால் படியெடுப்பது பெரும்பாடு என்பதால் பேரேட்டுக்கு இரண்டாம் படி பெரும்பாலும் இராது. தீயோ நீரோ கறையானோ வந்தால் மூலமே போய்விடும். இருக்கும் இடம் தெரிந்தும் படி இல்லாத நிலை இது. கணினிக் காலம் இதை அப்படியே தலைகீழாக மாற்றியது: படியெடுப்பது நொடிப்பொழுது வேலையாயிற்று, இருக்கும் இடம் மறைந்துபோயிற்று.

இந்தியாவில் மின்னஞ்சல் முதலில் கல்வி நிறுவனங்களுக்கிடையே புழங்கியது. மின்னணுவியல் துறை 1986-இல் தொடங்கிய 'எர்நெட்' என்னும் வலையமைப்பில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஓர் உறுப்பாக இருந்தது. பொதுமக்களுக்கும் வணிகர்களுக்கும் இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் வழியாகச் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் கிடைக்கலாயிற்று. சென்னைச் சந்தாதாரரின் மின்னஞ்சல் முகவரியில், 'அட்' குறிக்குப் பின்னால் 'ஜியாஸ்எம்டி01' என்ற தொடர் வரும். முதற்பகுதி அச்சேவையின் சுருக்கப்பெயர். 'எம்டி' என்பது மெட்ராஸ். 1996-இல் நகரின் பெயர் சென்னை என்று மாறிய பிறகும் முகவரிகளில் பழைய பெயரின் இரண்டெழுத்து நீடித்தது.

தொடக்கத்தில் மாணவர்களும் சிறுநிறுவனங்களும் பெற்றது 'ஷெல்' கணக்கு எனப்பட்டது. மோடம் என்னும் கருவி வழியாகத் தொலைபேசிக் கம்பியில் நிறுவனத்தின் பெரிய கணினியோடு இணைந்து, அக்கணினியிலேயே 'பைன்' போன்ற ஒரு நிரலை இயக்கி, எழுத்து மட்டுமே தோன்றும் திரையில் அஞ்சல் படிக்கும் முறை அது. மடல்களும், பயனர் சேர்த்துவைத்த முகவரிப் பட்டியலும் அந்த நிறுவனத்துக் கணினியிலேயே தங்கின. கடையில் இருந்த கணினி அவற்றைக் காட்டும் கண்ணாடிச் சாளரமாக மட்டுமே பயன்பட்டது. முக்கியமான மடலை அச்செடுத்துக் கோப்பில் சேர்ப்பதே அப்போது காப்பு முறையாக இருந்தது. தாள் காலப் பழக்கம் புதிய ஊடகத்திலும் தொடர்ந்தது.

1998-இன் இறுதியில் தனியார் நிறுவனங்கள் இணையச் சேவை தர அனுமதி பெற்றதும், சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே உள்ளிட்டவை சந்தையில் இறங்கின. விண்டோஸ் கணினியும் அதனுடன் இலவசமாக வந்த 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' என்னும் அஞ்சல் நிரலும் கடை, தணிக்கையாளர் அலுவலகம், பதிப்பகம் என எங்கும் பரவின. இந்நிரல் 'பாப்3' என்ற நெறிமுறைப்படி இயங்கியது. நெறிமுறை என்பது இரு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வகுத்த விதித்தொகுப்பு. பாப்3 விதிப்படி, மடல்களைக் கடைக் கணினி இறக்கிக்கொண்டதும் சேவை நிறுவனத்தின் கணினியிலிருந்து அவை நீக்கப்படும். அங்கேயும் ஒரு படி இருக்கட்டும் என்று அமைப்புகளில் தனியாகக் குறித்தால் மட்டுமே தங்கும். சேவை நிறுவனங்கள் ஒதுக்கிய இடம் மிகக் குறைவு என்பதால் அப்படிக் குறித்தவர்களுக்கும் பெட்டி சீக்கிரமே நிரம்பியது. ஆகவே மடலின் ஒரே படி, கடை மேசையடியில் தரையில் நின்ற கணினிப் பெட்டியின் வன்தட்டில் தங்கிற்று.

அந்த வன்தட்டில் எங்கே என்பதுதான் சிக்கல். 'இன்பாக்ஸ்' என்று திரையில் தோன்றிய பகுதி, உண்மையில் 'டிபிஎக்ஸ்' என்ற பின்னொட்டுக் கொண்ட ஒரே கோப்பு. அனுப்பியவை, நீக்கியவை என ஒவ்வொரு பிரிவுக்கும் அதுபோல் ஒன்று உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் அக்கோப்பை அடைய, சி டிரைவில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', அதற்குள் பயனர் பெயர், அதற்குள் 'லோக்கல் செட்டிங்ஸ்', பிறகு 'அப்ளிகேஷன் டேட்டா', பிறகு 'ஐடென்டிட்டீஸ்', அதற்குள் நெளிவு அடைப்புக்குள் எண்ணும் எழுத்துமாக 32 குறிகள் கொண்ட ஓர் உறை, அதற்கும் உள்ளே 'மைக்ரோசாஃப்ட்', கடைசியாக 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' என்று எட்டுப் படி இறங்க வேண்டும். நடுவில் வரும் 'லோக்கல் செட்டிங்ஸ்' மறைக்கப்பட்ட உறை என்பதால், மறைந்தவற்றைக் காட்டுமாறு அமைப்பை மாற்றாதவர் கண்ணுக்கு அது தென்படவே தென்படாது. நிரலின் அமைப்புப் பக்கத்தில் 'மெயின்டனன்ஸ்' என்ற பிரிவுக்குள் 'ஸ்டோர் ஃபோல்டர்' என்ற பொத்தானை அழுத்தினால் இந்த நீண்ட வழி முழுவதும் தெரியும். ஆயினும் அப்படியொரு பொத்தான் இருப்பதை அறிந்தவர் சிலரே. தொடர்பு முகவரிகளோ இதே இடத்தில் இல்லை; அவை 'வாப்' என்ற பின்னொட்டுடன் 'அட்ரஸ் புக்' என்ற வேறோர் உறையில் இருந்தன. மடலைத் தேடிக் கண்டு படியெடுத்தவரும் முகவரியை விட்டுவிட இது வழிவகுத்தது.

இந்த அமைப்பின் விளைவு கணினி பழுதாகும் நாளில் வெளிப்பட்டது. வைரஸ் புகுந்தாலோ இயங்குதளம் கெட்டாலோ சி டிரைவை முழுவதும் அழித்து மறுபடி நிறுவுவதே பழுதுபார்ப்போரின் வழக்கமான தீர்வு. அதற்குமுன் 'மை டாக்குமென்ட்ஸ்', 'டெஸ்க்டாப்' இரண்டையும் குறுந்தட்டில் எழுதிக்கொள்வார்கள். கடை முதலாளியும் எல்லாம் எடுத்தாயிற்று என்றே நம்புவார். அஞ்சல் அவ்விரண்டிலும் இல்லாததால் பல ஆண்டுக் கடிதப் போக்குவரத்து அந்த ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். கோப்பை முறையாகத் தேடி எடுத்தவர்களுக்கும் தடை இருந்தது. குறுந்தட்டிலிருந்து திரும்பப் படியெடுத்த கோப்புகளில் 'படிக்க மட்டும்' என்னும் அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்காதவரை அஞ்சல் நிரல் அவற்றைத் திறக்க மறுக்கும். கோப்பின் அளவுக்கும் வரம்பு உண்டு. டிபிஎக்ஸ் கோப்பும், அலுவலகங்கள் பயன்படுத்திய 'அவுட்லுக்' நிரலின் 2002 வரையிலான பதிப்புகளில் இருந்த 'பிஎஸ்டி' கோப்பும் 2 ஜிகாபைட்டை எட்டினால் பழுதாயின. 2003-ஆம் ஆண்டுப் பதிப்பு கோப்பின் வடிவத்தை மாற்றி 20 ஜிகாபைட் வரை இடம் தந்தது. ஆனால் பழைய கோப்பு தானாகப் புதிய வடிவம் பெறவில்லை, புதிதாக ஒன்று உருவாக்கி மடல்களை அதற்கு மாற்ற வேண்டியிருந்தது.

தமிழில் மடல் எழுதியவர்களுக்கு மற்றொரு சிக்கலும் சேர்ந்தது. தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றத்தைப் பின்பற்றின. குறியேற்றம் என்பது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிக்குச் சொல்லும் அட்டவணை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாடு விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' என்ற குறியேற்றங்களையும் தரப்படுத்தியது; இணையத்தில் 'திஸ்கி' என்ற மற்றொன்று பரவலாக வழங்கியது. ஒருங்குறி எனப்படும் உலகப் பொதுக் குறியேற்றத்தில் தமிழுக்கு முன்பே இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000-க்குப் பிறகே அது அன்றாடப் புழக்கத்துக்கு வரத் தொடங்கியது; தமிழக அரசு 2010-இல் அதை ஏற்றது. இதற்கிடைப்பட்ட காலத்தில் பதிப்பகத்துக்கும் அயலக எழுத்தாளருக்கும் இடையே சென்ற மடல்கள் ஒரு பைட்டும் குறையாமல் காக்கப்பட்டிருந்தாலும், உரிய எழுத்துருவும் மாற்றியும் உடன் வைக்கப்படாவிட்டால், திரையில் ஐரோப்பிய எழுத்துகளின் குழப்பமாகவே தோன்றும். எனவே கோப்பைக் காப்பது என்பதில் அதைப் படிக்கும் வழியைக் காப்பதும் அடங்கியது.

இடத்தின் இயல்பு இந்த வரலாற்றில் மறுபடி குறுக்கிட்டது. ஏரிப்படுகையில் அமைந்த பகுதி ஆதலால் தியாகராய நகருக்குப் பெருமழையில் நீர் தேங்குவது புதிதன்று. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவான 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாள்கணக்கில் நின்றன. 2021 நவம்பரில் ஜி.என். செட்டி சாலை, பசுல்லா சாலை ஆகியவற்றில் தண்ணீர் பல நாள் வடியாமல் நின்றது. நீர் ஒருபுறம் இருக்க, நெருப்பும் உண்டு: 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் தி சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பற்றிய தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்ததில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, எஞ்சியதும் பின்னர் இடிக்கப்பட்டது. இத்தகைய பேரிடரில், மேசையடிக் கணினியின் நகலை அதே மேசையின் இழுப்பறையில் குறுந்தட்டாக வைத்திருப்பதால் பயனில்லை. மூலமும் நகலும் ஒன்றாகவே போகும். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் என்று கணினித் துறையினர் சொல்லும் விதியின் கடைசி உறுப்பு இப்பகுதிக்கு மிகவும் பொருந்தும்.

சட்டமும் இதே திசையில் நகர்ந்தது. 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, காக்க வேண்டிய ஆவணத்தை மின்வடிவில் காக்கலாம் என்று சொல்லி அதற்கு நிபந்தனைகளும் விதித்தது: பின்னாளில் எடுத்துப் பார்க்கும் நிலையில் அது இருக்க வேண்டும், உருவான வடிவிலோ அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும், எங்கிருந்து எங்கே, எந்த நாளில், எந்நேரத்தில் சென்றது என்ற விவரங்களும் உடன் இருக்க வேண்டும். மடலை அச்செடுத்துக் கோப்பில் வைப்பதால் இந்நிபந்தனைகள் நிறைவேறா. மூலக் கோப்பே தேவை. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, அதன் விதிகளில் 57-ஆவது, மின்னணுக் கணக்குகளுக்கு முறையான காப்புப் படி வைத்திருக்க வேண்டும் என்றும், விபத்தாலோ இயற்கையாலோ மூலம் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் அதை மீட்க இயல வேண்டும் என்றும் வகுத்தது. மேற்சொன்ன தீவிபத்துக்கு ஒரு மாதம் கழித்து நடைமுறைக்கு வந்தது தற்செயலே. ஆயினும் அவ்வட்டார வணிகர்களுக்கு அவ்விதியின் பொருளை விளக்கத் தனி உரை தேவைப்பட்டிராது.

2004-இல் 1 ஜிகாபைட் இடத்துடன் ஜிமெயில் வந்ததும், பின்னர் கைபேசியின் தொடர்புப் பட்டியல் இணையக் கணக்கோடு இணைந்ததும் நிலைமையை மீண்டும் மாற்றின. மடல் மறுபடியும் சேவை நிறுவனத்தின் கணினிக்கே திரும்பியது. அவ்வகையில் இது ஷெல் கணக்கின் மறுபிறப்பு. வன்தட்டு கெட்டால் மடல் போகும் அச்சம் நீங்கியது; கடவுச்சொல் தெரிந்த ஊழியர் விலகினாலோ, கணக்கு முடக்கப்பட்டாலோ அனைத்தும் போகும் அச்சம் அதன் இடத்தைப் பிடித்தது. கணக்கிலுள்ள மடல்களையும் தொடர்புகளையும் அவ்வப்போது 'எம்பாக்ஸ்', 'விசிஎஃப்' போன்ற பொது வடிவங்களில் இறக்கி வைப்பதே இன்றைய காப்பு. பல நிரல்களிலும் திறக்கக்கூடியவை என்பதால் இவ்வடிவங்கள் பழைய டிபிஎக்ஸ் கோப்பைவிட நெடுங்காலம் பயன்தரும்.

வாடிக்கையாளர் பட்டியல் வணிகரின் சொத்து என்ற பழைய எண்ணமும் இன்று திருத்தம் பெறுகிறது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவருக்குரிய தரவு என்ற அடிப்படையில், பெற்ற நோக்கம் நிறைவேறியதும் அல்லது அவர் இசைவைத் திரும்பப் பெற்றதும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, அதை அழிக்கும் கடமையை வணிகர்மேல் சுமத்துகிறது. அழிப்பதற்கும் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்: பில் போடும் கணினியில் ஒன்று, தணிக்கையாளரிடம் ஒன்று, பழைய ஊழியரின் கைபேசியில் ஒன்று, பென் டிரைவில் மறந்துபோன ஒன்று எனப் படிகள் சிதறிக் கிடக்கும்போது, எதை அழித்தோம் என்று எந்த வணிகரும் உறுதியாகச் சொல்ல இயலாது. வரி அதிகாரிக்காகக் காக்கவும் வாடிக்கையாளருக்காக அழிக்கவும் ஒரே வணிகர் ஒரே நேரத்தில் கடமைப்படும் நிலையில், ஒவ்வொரு படியும் எங்கே உள்ளது, யார் பொறுப்பில் உள்ளது, எந்நாள் வரை வைக்கப்பட வேண்டும் என்று எழுதிய ஒரு பக்கப் பதிவேடு எந்தக் காப்பு நிரலைக் காட்டிலும் முந்தைய தேவையாகிறது.