பச்சைச் சோயா மொச்சையின் வரலாறு

ஸ்ரீவராகத்துத் தமிழர் இல்லங்களில் மரச்சீனிக் கிழங்கு இன்று அயற்பொருளன்று. தென்னமெரிக்காவில் தோன்றிய அதனை, 1880 முதல் 1885 வரை திருவாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா குடிகளிடையே பரப்பினார். 1942இல் பர்மா அரிசியின் வரவு நின்றபோது பசி தீர்த்தது அக்கிழங்கே. எனினும் அதிலுள்ள புரதம் நூற்றுக்கு ஓரிரு பங்கே. மீன் உண்போர்க்கு அக்குறை நிறைவுறும். மரக்கறி உண்போரோ பருப்பு வகைகளையே நம்புதல் வேண்டும்.

பருப்பு வகைகளுள் புரதம் மிக்கது சீன நாட்டுச் சோயா மொச்சை. துவரம்பருப்பில் நூற்றுக்கு 22 பங்கு புரதம் உண்டெனில், உலர்ந்த சோயாவில் ஏறத்தாழ 40 பங்கு உண்டு. 1935இல் காந்தியடிகள் வார்தாவின் மகன்வாடியில் இதனை உணவிற் சேர்த்துச் சோதித்து, ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராக அங்குப் பணியாற்றிய காலம் அது. 1936இல் பரோடாவில் எப். எஸ். காலே இப்பயிரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

ஆயினும் நம் அடுக்களை இதனை ஏற்கவில்லை. உலர்ந்த விதை எளிதில் வேகாது. அதன் பச்சை வாடையும் நம் நாவுக்கு ஒவ்வாதது. 1960களில் ஜபல்பூர், பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு இப்பயிரை வேரூன்றச் செய்தன. மத்தியப் பிரதேசம் அதன் தாயகம் போலாயிற்று. ஆனால் எண்ணெய் மக்களுக்கும், புரதம் செறிந்த பிண்ணாக்கிற் பெரும்பகுதி கோழிக்கும் கால்நடைக்கும் ஏற்றுமதிக்குமாகச் சென்றன. விளைந்த புரதம் விளைத்தவன் இலைக்கு வந்திலது.

இதற்கு ஜப்பானியர் கண்ட வழி எளியது. விதை திரண்டும் காய் பசுமை மாறாதிருக்கும் பருவத்திற் பறித்து, உப்பு நீரில் வேகவைத்து உண்கின்றனர். நூறு கிராம் பச்சை விதையில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் உண்டு. சீரணத்தைத் தடுக்கும் பொருள் பச்சை விதையில் இருத்தலால், வேகவைத்தே உண்ணல் வேண்டும். நம் நாட்டிலும் ராஞ்சி ஆராய்ச்சி நிலையம் ‘ஸ்வர்ண வசுந்தரா’ என்னும் காய்கறி வகையை அளித்துள்ளது.

கேரளத்துப் புளிப்பு மண்ணுக்குச் சிறிது சுண்ணாம்பிட்டு, நீர் தேங்காவண்ணம் பாத்தி அமைத்து, விதையோடு ரைசோபியம் நுண்ணுயிர் கலந்து ஊன்றலாம். அவ்வுயிர் வேர் முடிச்சுகளில் தங்கிக் காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு ஊட்டும். வெந்த விதையைத் தேங்காய்த் துருவலுடன் சுண்டலாகத் தாளிக்கலாம்; பொரித்த குழம்பிலும் இடலாம்.

அயல்மண்ணில் வாழும் நமக்கு அயற்பயிர் அந்நியமன்று. மரச்சீனி பசியை ஆற்றியது. அது விட்ட குறையை இம்மொச்சை நிரப்புமாயின், அது நம் பிள்ளைகளின் உடல் நலத்திற்கு உறுதுணையாகும்.