அஸபும் வதரும்: செங்கற்பட்டுச் சீமையில் ஒரு மருத்துவ வரலாறு

தமிழில் நரம்பு என்னும் சொல் பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. புறங்கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் பேச்சு வழக்கில் நரம்பு. கிரேக்க மொழியின் நியூரோன் என்னும் சொல்லுக்கும் ஆதியில் இதே நிலைதான். அரபு மருத்துவ நூலோர் இவற்றைப் பிரித்து வழங்கினர். உணர்வையும் அசைவையும் கொண்டு செல்வது அஸப். தசையின் முனையிலிருந்து எலும்பை இழுப்பது வதர். எலும்பை எலும்போடு பிணைப்பது ரிபாத். ஆயினும், அஸபின் இழைகளும் ரிபாத்தின் இழைகளும் கலந்தே வதர் உண்டாகிறது என்று கிரேக்க மருத்துவர் கலேனைப் பின்பற்றி அவர்களும் கருதினர். பெயர் பிரிந்தது, பொருள் முழுவதும் பிரியவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நரம்பில் ஊசி பட்டால் வலிப்புக் கண்டு நோயாளி இறக்கக்கூடும் என்று கலேன் அஞ்சினார். வதரிலும் நரம்பிழை உண்டு என்று நம்பியவர்கள் வதரைத் தைக்கவும் தயங்கினர். அந்தத் தயக்கம் பல நூற்றாண்டுகள் அறுவை மருத்துவரின் கையைக் கட்டிப்போட்டது.

இப்னு சீனா (ஹிஜ்ரி 370–428, கி.பி. 980–1037) இதில் துணிவான ஒரு கருத்தைச் சொன்னவராக மருத்துவ வரலாற்றாசிரியர்களால் குறிக்கப்படுகிறார். குறுக்கே வெட்டுண்ட நரம்பின் முனைகளைச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்ற பரிந்துரை அவருடைய அல்கானூனில் உண்டு என்பர். நம் மேடைகளில் இது பெருமையோடு எடுத்துரைக்கப்படுவதைக் கேட்டிருக்கிறோம். பெருமை நியாயமானதே. ஆனால், இக்கால நரம்பு அறுவை மருத்துவம் முழுவதும் அங்கேயே முடிந்துவிட்டது என்று பேசுவது அந்தப் பேரறிஞருக்கே நியாயம் செய்வதாகாது. தைக்கப்பட்ட நரம்புக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிய நுண்ணோக்கி தேவைப்பட்டது. அது வர ஆறு நூற்றாண்டுகள் ஆயின.

1850-இல் அகஸ்டஸ் வாலர் என்னும் ஆங்கிலேயர் தவளையின் நாவுக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிப் பார்த்தார். வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி சிதைந்து போவதைக் கண்டார். ஆகவே தைப்பது என்பது அறுந்த கம்பியை முடிச்சிட்டு மின்சாரம் பாய்ச்சுவது போன்றதன்று. மூளையோடும் தண்டுவடத்தோடும் தொடர்புள்ள முனையிலிருந்து புதிய இழைகள் துளிர்த்து, பழைய உறையைப் பற்றிக்கொண்டு தளர்நடையாய் நகர வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம். மணிக்கட்டில் தைத்தால் விரல் நுனிக்கு உணர்வு திரும்பச் சில மாதங்கள் ஆகும். தோளருகே அறுந்தால் கைக்கு வந்து சேர ஓராண்டும் போதாது. அதற்குள் நரம்பிழந்த தசை வற்றிவிடும். ஒன்றரை ஆண்டுக்கு மேல் கிடந்த தசைக்கு நரம்பு வந்து சேர்ந்தாலும் பயன் அரிது.

சரி, நரம்பு மீளவே வழியில்லாமல் பட்டுப்போனால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பெரியதொரு விடை நம் பகுதியிலேயே தேடப்பட்டது என்பதைப் பலரும் அறியார். உத்திரமேரூர், தென்னேரி, வாலாஜாபாத் ஆகிய ஊர்களெல்லாம் முன்னர்ப் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்தில், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் ஒரு தொழுநோய் இல்லம் இயங்கியது. தொழுநோய், அதாவது ஜுதாம், தோல் நோய் என்றே கருதப்பட்டாலும், அதன் கொடுமை நரம்பைத் தாக்குவதில்தான் உள்ளது. (ஜுதாம் குறித்த நபிமொழிகளின் விளக்கத்துக்குள் இங்கே நான் புகவில்லை, அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

1947-இல் அங்கே பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டை அழைத்துக் காட்டினார். பிராண்ட் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர், தமிழ் அறிந்தவர். விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிக் கிடந்த நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். செயலிழந்த கை என்று எண்ணியிருந்தவருக்கு வலியெடுக்கும் அளவுக்குப் பிடி இறுகியது. அப்படியானால் முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன. உள்ளங்கைச் சிறு தசைகளே இறந்திருக்கின்றன என்று அவர் உணர்ந்தார்.

பின்னர் ஒரு நாள், இறந்துபோன நோயாளி ஒருவரின் உடலைச் சோதிக்க அனுமதி கிடைத்தது. பிராண்டும் உடன் வந்தோரும் செங்கற்பட்டுக்கு வந்து இரவெல்லாம் கண்விழித்து நரம்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தனர். நரம்பு எங்கும் ஒரே சீராகக் கெட்டிருக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்காலின் புறத்தே, கணுக்காலில் என்று, தோலுக்கு அண்மையில் வரும் இடங்களில் மட்டும் வீங்கியிருந்தது. அவை உடலின் குளிர்ந்த பகுதிகள். கிருமி விரும்புவதும் அவற்றையே. ஆழத்தில் ஓடும் நரம்பும், அதனால் இயங்கும் தசையும் தப்பியிருந்தன. எந்தத் தசை சாகும், எது பிழைக்கும் என்பதை இதனால் முன்கூட்டியே கூற முடிந்தது.

இனி அஸபை எழுப்ப வேண்டிய தேவையில்லை. வதரை இடம் மாற்றினால் போதும். நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, தேவைப்பட்டால் காலிலிருந்து எடுத்த நாணால் நீட்டி, உள்ளங்கை வழியே கொண்டுசென்று நான்கு விரல்களிலும் இணைத்தனர். இம்முறையின் அடிப்படை வேறு காரணங்களால் ஏற்பட்ட வாதக் கைகளில் முன்னரே கையாளப்பட்டதுதான். தொழுநோயாளியின் சதை 'கெட்ட சதை', தைத்தால் ஆறாது என்ற நம்பிக்கைதான் அதுவரை குறுக்கே நின்றது. 1948 முதல் வேலூரில் நடந்த அறுவைகளில் புண்கள் ஆறின. 1952-இல் லண்டன் அரச அறுவை மருத்துவக் கல்லூரியில் பிராண்ட் இதைப் பற்றி ஹண்டர் நினைவுப் பேருரை நிகழ்த்தினார்.

கத்தியின் வேலை ஒரு மணி நேரம். மீட்சியோ பல மாதம். அறுவைக்கு முன்பே இறுகிய மூட்டுகளை மெழுகாலும் பயிற்சியாலும் இளக்க வேண்டும். அறுவைக்குப் பின் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன் பிறகு, மணிக்கட்டை உயர்த்திய தசைக்கு இனி விரலை நீட்டுவதுதான் வேலை என்று மூளை புதிதாய்க் கற்க வேண்டும். இயன்முறைப் பயிற்சியாளர் பக்கத்தில் அமர்ந்து நாள்தோறும் கற்பிக்காவிடில், அழகாகத் தைத்த கையும் அசையாப் பொருளாகவே இருக்கும்.

அசைவு திரும்பினாலும் உணர்வு திரும்பவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. வேலூரில் விரல்கள் இரவோடு இரவாகக் குறைவதைக் கண்டு காவலிருந்தபோது, உறங்குவோரின் விரலை எலிகள் கடித்துத் தின்பது தெரியவந்தது. வலியில்லாததால் யாரும் விழிக்கவில்லை. அதன்பின் ஊர் திரும்புவோருடன் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினர். வலி ஓர் அருட்கொடை என்பதைப் பிராண்ட் பின்னாளில் வாழ்நாள் முழுதும் எழுதியும் பேசியும் வந்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. விரல் நிமிர்ந்த சிலர் திரும்பி வந்து, இந்தக் கைகள் பிச்சைக்கு உதவவில்லை, மடங்கிய கையைக் கண்டுதான் மக்கள் காசு போட்டார்கள் என்று முறையிட்டனர். தொழில் கொடுப்பாரும் இல்லை. உமையா கலீஃபா வலீத் (ஆட்சி கி.பி. 705–715) தொழுநோயாளருக்கு உதவித்தொகை வழங்கி, மக்களிடம் இரக்க வேண்டாம் என்று ஆணையிட்டதாக நம் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். டமாஸ்கஸில் அரசுக் கருவூலம் செய்ததை வேலூரில் தச்சுப் பட்டறை செய்ய வேண்டியிருந்தது. நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு அமைத்து, நிமிர்ந்த கைகளுக்கு உளியும் இழைப்புளியும் பழக்கினர். அறுவை மருத்துவத்தின் வரலாற்றில் இந்தப் பட்டறையைச் சேர்க்காத நூல் குறையுடையது என்பது என் கருத்து.

திருமணி இல்லத்தை 1955-இல் மத்திய அரசு ஏற்று, பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமான தொழுநோய் நிறுவனமாக்கியது. 1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயைப் பெரிதும் ஒடுக்கிவிட்டது. ஆயினும் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, முன்னரே பட்டுப்போன நரம்பைத் துளிர்க்கச் செய்யாது. அத்தகையோருக்கு வதர் மாற்றும் அறுவைதான் இன்றும் வழி.

ஏரிப் பாசனமுள்ள தென்னேரிப் பக்கத்தில் அறுவடைக் காலத்து அரிவாள் வெட்டு புதிதன்று. மணிக்கட்டில் தோலைத் தைத்துக் கட்டியதும் காயம் முடிந்ததென்று எண்ணுகிறோம். சுண்டுவிரலில் உணர்வு உள்ளதா, கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடுகிறதா என்று கட்டுப் போடுமுன் பார்த்தால், உள்ளே அஸப் அறுந்ததா வதர் அறுந்ததா என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். முனைகள் சுருங்கி விலகுமுன், முதல் சில நாட்களிலேயே நுண்ணோக்கியின் கீழ்த் தைப்பது எளிது. மாதங்கள் கழிந்து இடைவெளி விழுந்துவிட்டால் காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்ட வேண்டிவரும்.