நிகழ்பட ஆட்ட விமர்சனத்தின் வரலாறு

பேச்சுவழக்கில் வீடியோ கேம் எனப்படும் நிகழ்பட ஆட்டங்களை ஆடிப் பார்த்து, அவற்றின் நிறைகுறைகளை வாசகருக்கு எழுதிச் சொல்வது நிகழ்பட ஆட்ட விமர்சனம் ஆகும். திரைப்பட விமர்சனம் நூறாண்டைக் கடந்துவிட்டது. ஆட்ட விமர்சனத்துக்கு இன்னும் ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆயினும் இந்தக் குறுகிய காலத்துக்குள் ஒரு மதிப்புரையால் விமர்சகர் ஒருவரின் வேலை போயிருக்கிறது. ஒரேயொரு மதிப்பெண் குறைந்ததால் ஒரு நிறுவனத்தின் ஊக்கத்தொகை நின்றிருக்கிறது. வேறு கலைத்துறைகளில் இந்த அளவுக்கு எண்கள் ஆட்சி செலுத்துவது அரிது. அந்த எண்கள் எப்படி வந்தன, அவற்றை யார் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதே இவ்வரலாற்றின் பெரும்பகுதி.

தொடக்க காலம்

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'வீடியோ' இதழில் 'ஆர்கேட் ஆலி' என்ற பத்தி வெளிவரத் தொடங்கியது. பில் குங்கல், ஆர்னி காட்சு ஆகிய நண்பர்கள் இருவர் இதை எழுதினர். ஒளிப்பேழைக் கருவிகளைப் பற்றிய இதழில், வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் ஆட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட சிறு இடம் அது. பத்திக்குக் கிடைத்த வரவேற்பைத் தொடர்ந்து, 1981ஆம் ஆண்டின் இறுதியில் சாய்சு வோர்லியும் சேர்ந்துகொள்ள, மூவரும் 'எலக்ட்ரானிக் கேம்சு' என்ற இதழைத் தொடங்கினர். அதே ஆண்டில் அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு', பிரித்தானியாவில் 'கம்ப்யூட்டர் அண்டு வீடியோ கேம்சு' ஆகிய இதழ்களும் பிறந்தன.

அந்நாளைய வாங்குவோரின் நிலையை எண்ணிப் பார்த்தால்தான் இந்த இதழ்களின் தேவை விளங்கும். ஆட்டப் பேழையின் அட்டைப்படத்தில் விண்கலங்களும் வீரர்களும் வண்ண ஓவியமாக இருப்பர். வீட்டுக்குக் கொண்டுவந்து செருகினால் திரையில் நான்கைந்து சதுரப் புள்ளிகளே நகரும். 1982இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'ஈ.டி.' ஆட்டம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. திரைப்படத்தின் புகழை நம்பி, கிறித்துமசு விற்பனைக்காக ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் ஆவர்டு இசுகாட் வார்சா என்ற ஒற்றை நிரலாளர் அதை எழுதி முடித்தார். விற்காமல் தேங்கிய பேழைகள் 1983இல் நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. 2014இல் தோண்டியபோது அவை மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. அப்போது ஏற்பட்ட சந்தைச் சரிவில் இதழ்களும் தப்பவில்லை. 'எலக்ட்ரானிக் கேம்சு' 1985இல் நின்றுபோனது.

பள்ளி மாணவர்களும் நான்கு நடுவர்களும்

பிரித்தானியாவில் கதை வேறு. அங்கு இசுபெக்ட்ரம், கொமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகள் பரவியிருந்தன. 1984இல் லட்லோ என்ற சிற்றூரிலிருந்து 'கிராசு' இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர்கள் செய்த ஒரு காரியம் இன்றும் வியப்பளிக்கிறது. ஆட்டங்களை மதிப்பிட அவர்கள் தேர்ந்தவர்களில் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் இருந்தனர். ஆட்டத்தை வாங்கி ஆடப்போகிறவர்கள் சிறுவர்கள். ஆகவே அவர்களே சொல்லட்டும் என்பது ஏற்பாடு. பலரின் கருத்துகள் தனித்தனியே அச்சாயின. இறுதியில் நூற்றுக்கு இத்தனை விழுக்காடு என்று மதிப்பெண் இடப்பட்டது. பள்ளித் தேர்வெழுதும் வயதினர் பிறருக்கு மதிப்பெண் போட்டதில் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி இருந்திருக்கும்.

சப்பானில் 1986இல் தொடங்கிய 'ஃபாமிட்சூ' இதழ் வேறொரு முறையை நிலைநாட்டியது. நான்கு விமர்சகர்கள் ஒரே ஆட்டத்தைத் தனித்தனியே ஆடி, ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று வழங்குவர்; கூட்டினால் நாற்பதுக்கு இத்தனை. பன்னிரண்டு ஆண்டுகள் எந்த ஆட்டத்துக்கும் முழு நாற்பது கிடைக்கவில்லை. 1998இல் நின்டெண்டோவின் 'செல்டா: ஒகரினா ஆஃப் டைம்' முதன்முதலில் அதைப் பெற்றது. பின்வந்த ஆண்டுகளில் முழு மதிப்பெண் அடிக்கடி வழங்கப்பட்டதால் அதன் மதிப்பு சற்றுக் குறைந்தது என்பதும் உண்மை. 1989இல் தொடங்கிய அமெரிக்க இதழான 'எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி'யும் நால்வர் குழுவைப் பின்பற்றியது. அக்குழுவில் முகமூடி அணிந்த நிஞ்சாவாகச் சித்திரிக்கப்பட்ட 'சூசி-எக்சு' என்ற புனைபெயரும் உண்டு.

1993இல் பிரித்தானியாவில் வந்த 'எட்சு' இதழ் மதிப்புரையின் கீழ் எழுதியவர் பெயரை இடுவதில்லை. தீர்ப்பு இதழின் தீர்ப்பு. பத்துக்குப் பத்து என்பதை அது முதலில் வழங்கியது 1996இல், 'சூப்பர் மாரியோ 64' ஆட்டத்துக்கு. 'டூம்' ஆட்டத்துக்கு அது ஏழு மட்டுமே கொடுத்தது. எதிர்வரும் அரக்கர்களைச் சுடுவதற்குப் பதில் அவர்களோடு பேச முடிந்தால் நன்றாக இருக்குமே என்று அதன் விமர்சகர் எழுதியதை வாசகர்கள் பல ஆண்டுகள் கேலி செய்தனர். ஆனால் எதிரியோடு பேசித் தப்பிக்கும் ஆட்டங்கள் பின்னாளில் பெரும் பாராட்டைப் பெற்றன. கேலிக்குள்ளான அந்த வரியை எழுதியவர் அவ்வளவு ஒன்றும் தவறாகச் சொல்லிவிடவில்லை.

ஒற்றை எண்

இணையம் வந்தபின் இதழ்கள் ஒவ்வொன்றாக மங்கின. 2001இல் மார்க் டாயில், சூலி டாயில் ராபர்ட்சு, சேசன் டீட்சு ஆகிய மூவர் 'மெட்டாகிரிட்டிக்' தளத்தைத் தொடங்கினர். பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி, நூற்றுக்கு இத்தனை என்ற ஒரே சராசரியாக அது தருகிறது. எல்லா விமர்சகருக்கும் சம எடை இல்லை. யாருக்கு எவ்வளவு எடை என்பதைத் தளம் வெளியிடுவதும் இல்லை. இன்னொரு நுணுக்கமும் கவனிக்கத்தக்கது. அத்தளத்தில் ஒரு திரைப்படம் பச்சை நிறம் பெற 61 போதும்; ஆட்டத்துக்கோ 75 வேண்டும். ஆட்ட விமர்சகர்கள் பொதுவாகத் தாராளமாக மதிப்பெண் இடுபவர்கள் என்பதை அந்த அளவுகோலே ஒப்புக்கொள்கிறது. பத்துக்கு ஏழு என்றால் சுமார் என்று பொருள்கொள்ளும் பழக்கம் இத்துறையில் ஊறிப்போனது.

வாங்குவோருக்கு வழிகாட்டவே இந்த எண் உருவானது. அதை நிறுவனங்கள் ஒப்பந்தங்களில் எழுதத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 2010இல் வெளியான 'ஃபால்அவுட்: நியூ வேகாசு' ஆட்டத்தை ஒப்சிடியன் நிறுவனம் உருவாக்கி, பெதெசுடா நிறுவனம் வெளியிட்டது. விற்பனையில் உருவாக்கியவர்களுக்குப் பங்கு இல்லை. ஒரு முறை தரும் தொகை மட்டுமே. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் ஊக்கத்தொகை உண்டு என்பது ஏற்பாடு. வந்தது 84. இதை 2012இல் வெளியே சொன்னவர் ஆட்டத்தின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான கிறிசு அவெலோன்.

இங்கே குற்றம் யாருடையது? வெளியான நாளில் ஆட்டத்தில் வழுக்கள் மலிந்திருந்தன என்பது மெய். விமர்சகர்கள் அதைச் சொன்னதில் பிழையில்லை. ஆனால் வாசகருக்காகத் தன் மனத்தில் பட்டதை எழுதிய ஒருவர், தாம் இடும் எண் முன்பின் அறியாத பணியாளர்களின் கைப்பணத்தைத் தீர்மானிக்கும் என்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்திருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு மதிப்புரையும் இரக்க மனுவாக மாறிவிடும்.

விளம்பரமும் விமர்சகரும்

ஆட்ட இதழ்களுக்கும் தளங்களுக்கும் வருவாய் தருவது பெரும்பாலும் ஆட்ட நிறுவனங்களின் விளம்பரங்களே. தாம் மதிப்பிடும் பொருளை விற்பவரிடமே கூலி பெறும் இந்தச் சங்கடம் 2007 நவம்பரில் பகிரங்கமானது. 'கேம்சுபாட்' தளத்தின் மூத்த விமர்சகர் செஃப் கெர்சுட்மன், ஈடோசு நிறுவனத்தின் 'கேன் அண்டு லிஞ்சு' ஆட்டத்துக்குப் பத்துக்கு ஆறு அளித்தார். அப்போது அத்தளத்தின் முகப்பு முழுவதும் அதே ஆட்டத்தின் விளம்பரம் நிறைந்திருந்தது. சில நாள்களில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உடன்பாட்டின் காரணமாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவரால் காரணத்தைப் பேச முடியவில்லை. 2012இல் பேச முடிந்தபோது, விளம்பரதாரர்களின் அழுத்தத்துக்கு நிர்வாகம் பணிந்ததே காரணம் என்று அவர் தம் தரப்பைச் சொன்னார். இதற்கிடையில் 2008இல் அவர் நண்பர்களுடன் 'சயன்ட் பாம்' என்ற தளத்தை நிறுவி, எழுத்தைவிட ஆடிக் காட்டும் காணொளிகளுக்கு முதன்மை தந்தார்.

அழுத்தம் நிறுவனங்களிடமிருந்து மட்டும் வரவில்லை. ஆட்டங்களில் பெண்கள் காட்டப்படும் விதத்தை ஆராய்ந்து 2013 முதல் காணொளித் தொடர் வெளியிட்ட அனிட்டா சர்கீசியன், ஆட்டக்காரர்களில் ஒரு பிரிவினரின் கடும் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளானார். 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்த நிகழ்வு, துப்பாக்கிச் சூட்டு மிரட்டலால் கைவிடப்பட்டது. விமர்சனம் என்றால் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வது மட்டுமே என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது கசப்பான சான்று.

வெளியிலிருந்து வந்த சீண்டலும் உண்டு. புகழ்பெற்ற திரைப்பட விமர்சகர் ரோசர் ஈபர்ட், ஆட்டங்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று 2010 ஏப்ரலில் எழுதினார். ஆயிரக்கணக்கான மறுப்புகள் குவிந்தன. ஆட்டங்களை ஆடிப் பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சூலையில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வெளியீட்டு நாளின் சிக்கல்கள்

ஒரு திரைப்படத்தை மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பெரிய ஆட்டமொன்றை முடிக்க ஐம்பது மணி நேரம் ஆகலாம். ஆகவே விமர்சகர்கள் வெளியீட்டு நாளுக்கு முன்பே நிறுவனத்திடமிருந்து படியைப் பெறுகின்றனர். இன்ன நாள், இன்ன நேரம் வரை எழுதக்கூடாது என்ற தடையையும் ஏற்கின்றனர். 2020 திசம்பரில் போலந்தின் சிடி பிரொசெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' ஆட்டத்தை வெளியிட்டபோது இந்த ஏற்பாட்டின் ஓட்டை வெளிப்பட்டது. முன்கூட்டி வழங்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டுமே. தாங்கள் ஆடியதைப் படம்பிடித்துக் காட்டவும் விமர்சகர்களுக்கு அனுமதியில்லை; நிறுவனம் தந்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டும். மதிப்புரைகள் பாராட்டின, முன்பதிவு 80 இலட்சத்தைத் தாண்டியது. பழைய பிளேசுடேசன் 4, எக்சுபாக்சு ஒன் கருவிகளில் வாங்கியவர்களுக்குக் கிடைத்ததோ அடிக்கடி நின்றுபோகும் ஆட்டம். ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2021 சூனில்தான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. 2023இல் பெரும் திருத்தங்களுக்குப் பின் அதே ஆட்டத்துக்குப் புதிய பாராட்டுரைகள் எழுதப்பட்டன. அச்சான நாவல் மறுநாள் மாறுவதில்லை, ஆட்டம் மாறுகிறது. எந்த நாளின் ஆட்டத்தைப் பற்றி எழுதுவது என்ற கேள்விக்கு இன்னும் ஒத்த விடை இல்லை.

வாசகர்கள் தாமே மதிப்பெண் இடும் முறையும் சிக்கலற்றதன்று. 2020 சூன் 19 அன்று வெளியான 'தி லாசுட் ஆஃப் அசு பாகம் 2' ஆட்டத்தை முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேலாகும். வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானோர் மிகக் குறைந்த மதிப்பெண் இட்டனர். அடுத்த மாதமே, வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர் மதிப்பிடலாம் என்று மெட்டாகிரிட்டிக் விதியை மாற்றியது. பிரித்தானியாவின் 'யூரோகேமர்' தளம் 2015இல் எண்களையே கைவிட்டு, பரிந்துரை, தவிர்க்க என்று சொற்களால் தீர்ப்பளித்தது. எட்டாண்டுகளுக்குப் பின், 2023இல், ஐந்து விண்மீன் முறையோடு அதுவும் எண்ணுக்கே திரும்பியது.

'வெண்பா'வும் ஒரு மணி நேரமும்

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. டொரொண்டோ நகரின் விசை கேம்சு குழு 2023 சூலையில் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது: தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தாயின் தாய் எழுதித் தந்த சமையல் குறிப்பேட்டில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் இருக்கின்றன. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு முதலியவற்றைச் சமைப்பதே ஆடுவோரின் வேலை. மகன் வளர வளரத் தமிழிலிருந்து விலகுவதும், பின்னர் அதே குறிப்பேட்டைத் தட்டுத்தடுமாறிப் படிக்க முயல்வதும் கதை.

விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினர். சமையலின் ஒலிகள், திரையிசையைத் தழுவிய பாடல்கள், பெற்றோரும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் விதம் ஆகியவை சிறப்பித்துச் சொல்லப்பட்டன. பலர் ஒரு குறையையும் குறிப்பிட்டனர்: ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிடும் வழக்கம் பேழைக் காலத்து இதழ்களிலிருந்தே தொடர்ந்து வருவது. சிறுகதையைப் பக்கக் கணக்கால் யாரும் குறை சொல்வதில்லை, ஆட்டத்தைச் சொல்கிறார்கள். ஆனால் கதையின் சில ஆண்டுகள் விரைந்து ஓடிவிடுகின்றன, இன்னும் சில சமையல்கள் இருந்திருக்கலாம் என்று எழுதியவர்களின் குறையை அந்தக் காசுக் கணக்கோடு சேர்த்துவிட முடியாது.

2024இல் 'வெண்பா'வுக்கு பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக ஆட்டம் விருதும், தற்சார்பு ஆட்டங்களுக்கான ஐ.சி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசும் கிடைத்தன.