உலு மூடாவின் தண்ணீரும் தோட்டத்துக் கூகையும்

கெடாவின் யான் வட்டாரத்தில் இன்று இரண்டு போகம் நெல் விளைகிறது. அதற்கு உலு மூடா காடுதான் காரணம். தாய்லாந்து எல்லையோரம் நிற்கும் அந்தக் காட்டின் மழைநீர் மூடா, பெடு அணைகளில் தேங்குகிறது. மூடா அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த 6.8 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே பெடுவுக்கு வந்து, அங்கிருந்து ஆறும் வாய்க்காலுமாக எங்கள் வயல்வரை வருகிறது. 1970ஆம் ஆண்டுவாக்கில் இந்தத் திட்டம் நிறைவேறுவதற்கு முன் இங்கே பெரும்பாலும் ஒரு போகம்தான். யானைகள் உப்பு மண் தேடி வருவதும் அதே காட்டுக்குத்தான். நாம் உண்ணும் சோற்றுக்கும் யானை நடக்கும் தடத்துக்கும் ஒரே காடு காவல் நிற்கிறது. கெடாவில் வனவிலங்குப் பாதுகாப்பின் வரலாற்றை யான்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மலாயாவில் வனவிலங்குப் பாதுகாப்புக்கு வித்திட்டவர்களில் முன்னாள் வேட்டைக்காரர்களும் உண்டு. பகாங்கில் வாழ்ந்த தியோடர் ஹப்பேக் யானையையும் செலாடாங் என்ற காட்டு மாட்டையும் வேட்டையாடியவர். பின்னாளில் அவற்றைக் காப்பதற்கே தம்மைக் கொடுத்தார். அவர் தலைமையில் நடந்த வனவிலங்கு ஆணையத்தின் அறிக்கை 1932இல் வெளிவந்தது. இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்கா அவருடைய விடாமுயற்சியின் பயன். 1940இல் மலாயா இயற்கைச் சங்கம், இன்றைய மலேசிய இயற்கைச் சங்கம், தோன்றியது. கை மெடாக் என்ற போலீஸ் அதிகாரி, ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் அடைபட்டிருந்தபோதே மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். போர் முடிந்ததும் சங்கம் அதை அச்சிட்டது. பசியும் நோயும் சூழ்ந்த முகாமிலும் பறவையை நினைத்து எழுதிய அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 2010இல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. ஆனால் அரசியலமைப்புப்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. புலியைக் கொன்றவனைச் சட்டம் தண்டிக்கலாம். புலி வாழும் காட்டில் மரம் வெட்டலாமா என்பதை அலோர் ஸ்டாரில் உள்ள மாநில அரசுதான் முடிவு செய்யும். மாநில அளவில் ஓர் அமைப்பு தேவைப்படுவது இங்கேதான். மலேசிய இயற்கைச் சங்கத்தின் கெடா கிளை போன்ற அமைப்புகளின் வேலை, காட்டுக்குள் போவது, பறவையையும் விலங்கையும் பார்த்துக் குறித்துக்கொள்வது, அந்தக் குறிப்பை ஆட்சியாளர் முன் வைத்து வாதாடுவது. உலு மூடாவில் மரம் வெட்டுவதை எதிர்த்தவர்களுக்கு அந்தக் குறிப்புகளே ஆயுதம். பினாங்கிலிருந்து எஸ். எம். முகமது இத்ரிஸும் அவருடைய சஹாபாட் ஆலாம் மலேசியா அமைப்பும் காட்டுக்காகப் பல ஆண்டுகள் விடாமல் எழுதினார்கள். அவர் நம்மவர், தமிழர். 2019இல் மறையும்வரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இந்த வரலாற்றில் தோட்டத்துத் தமிழரின் குரல் மிக அரிது. காட்டுக்குப் பக்கத்து நிரையில் விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் பால் வெட்டியவர்கள் அவர்கள்தானே! எந்தப் பருவத்தில் முள்ளம்பன்றி இளங்கன்றின் பட்டையைக் கடிக்கும், பன்றிக்கூட்டம் எந்தப் பள்ளத்தில் புரளும், அழுங்கு எந்தக் கறையான் புற்றைத் தோண்டும் என்பதெல்லாம் என் தகப்பனாருக்கு மனப்பாடம். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. கிராணியின் புத்தகத்தில் பால் எடை மட்டுமே ஏறியது.

கூகையின் கதை எனக்கு நம்பிக்கை தருகிறது. கூகை அலறினால் லயத்தில் சாவு விழும் என்று பயந்து கல்லெறிந்தவர்கள் நாங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் எலி பெருகியது. குலையைக் கடித்து நாசம் செய்தது. 1980களில் மலேசியத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகைக்குக் கூடு கொடுக்கும் பழக்கம் பரவியது. பிறகு வயல்களுக்கும் வந்தது. ஒரு சோடியும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு 1,000க்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கல்லெறிந்த கையாலேயே என் பெரியப்பா பெட்டிக்கு ஆணி அடித்தார். பிழைப்புக்கும் விலங்குக்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்த்த பிறகு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இயற்கையின் மறுபக்கத்தையும் யான் பார்த்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 18 அன்று குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வந்து யானில் உயிர்களைப் பறித்தது. மலையில் நடப்பது ஊருக்குள் வந்து சேரும் என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அந்தத் தலைமுறை பட்டணத்து அடுக்குமாடிகளில் முதுமையைக் கழிக்கிறது. அவர்கள் கண்ட பறவை, கேட்ட உறுமல், பார்த்த கால்தடம் எல்லாம் எழுதப்பட வேண்டும். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்த ஓடை என்று கேட்டுத் தமிழிலேயே எழுதிப் பாதுகாப்புச் சங்கங்களிடம் கொடுக்க வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம். நாளை ஒரு காட்டைக் காக்க ஆதாரம் தேவைப்படும்போது, அது நம் குடும்பங்களிடமிருந்தும் போய்ச் சேரட்டும்.