சால்ட் லேக்கின் ஈக்களுக்கு ஓபனிங் பேலன்ஸ் உண்டா?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வருகிற நம்மாட்கள் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகை, அடுத்தது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மூன்றாவது கொசு. இந்தப் பதிவு மூன்றாவதைப் பற்றியது. கொசு மட்டுமல்ல, அதன் சொந்தபந்தங்கள் எல்லாரையும் பற்றி. பூச்சி சாஸ்திரப்படி கொசுவும் ஈ வரிசையைச் சேர்ந்ததுதான். பறக்கிற பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாலு இறக்கை. இந்த வரிசைக்கு இரண்டே. பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு குமிழ், பறக்கும்போது நிதானம் தப்பாமல் இருக்க.

நான் காமர்ஸ்காரன், அதனால் பெரிய விஞ்ஞானம் எதிர்பார்க்காதீர்கள். என்னை இழுத்தது இதிலுள்ள கணக்கு. ஒரு சதுப்பு நிலத்தில் என்னென்ன ஈ இனங்கள் இருக்கின்றன என்று எழுதி வைத்தால் அது ஓபனிங் பேலன்ஸ். அது இல்லாவிட்டால் பின்னால் எது போயிற்று, எது புதிதாக வந்தது என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. கொல்கத்தாவின் கிழக்குப் பக்கம் இருந்த உப்பு ஏரிகளுக்கு அந்தக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்று பார்த்தேன். கதை சுவாரஸ்யமாகப் போயிற்று.

சௌரங்கியில் இருக்கும் இந்தியன் மியூசியத்தை (இங்கே எல்லாருக்கும் அது ‘ஜாதுகர்’) பார்த்திருப்பீர்கள். நெல்சன் அன்னண்டேல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே 1907-ல் ‘ரெக்கார்ட்ஸ்’ என்ற ஆய்விதழை ஆரம்பித்தார். அதே வருஷம் போர்ட் கேனிங் உவர்நீர்க் குட்டைகளில் வாழும் ஜீவராசிகளைப் பற்றி அதில் எழுதினார். 1916-ல் ஸூவாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியா உருவானபோது முதல் டைரக்டரும் அவரே.

ஈக்களை எழுதியவர் என்ரிகோ புருனெட்டி. தொழில்முறையில் இசைக்கலைஞர். பல வருஷம் கல்கத்தாவில் இருந்துகொண்டு, ஈ வரிசையில் மூன்று தடித்த புத்தகங்கள் எழுதினார்: 1912, 1920, 1923. ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்’ என்ற அரசாங்க வரிசையில் அவை வந்தன. பாட்டு வாத்தியத்தோடு பிழைத்த மனிதர் இத்தனை ஆயிரம் ஊசி குத்திய ஈக்களோடு உட்கார்ந்து நரம்பு நரம்பாக இறக்கையைப் பார்த்திருக்கிறார் என்றால், எனக்கு மரியாதையோடு கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

ஆனால் 1912 புத்தகத்தின் தலைப்பிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: இரண்டு குடும்பங்கள் நீங்கலாக. ஒன்று கொசு. இன்னொன்று கைரோனோமிட் என்ற, கொசு மாதிரியே இருந்தும் கடிக்காத பூச்சி. சதுப்பு நிலத்தில் கூட்டம் கூட்டமாக இருப்பதே இந்த இரண்டும்தான்! கொசுவுக்குப் பின்னால் தனிப் புத்தகங்கள் வந்தன; 1933-ல் கிறிஸ்டோபர்ஸ், 1934-ல் பராட். கைரோனோமிட்டுக்கு அந்த வரிசையில் கடைசிவரை புத்தகம் வரவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டார்கள்.

யாருமே தொடவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. லொரைன் பகுதியில் பிட்ஷ் என்ற ஊரில் இருந்த கீஃபர் என்கிற பாதிரியார், இந்தியாவிலிருந்து போன பூச்சிகளை வைத்து 1910, 1911 வாக்கில் எழுதினார். பிற்பாடு பர்த்வான் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்தக் குடும்பத்தில் நிறைய வேலை செய்தார்கள்.

கொசுவுக்கு மட்டும் ஏன் முன்னுரிமை? உயிர் போகிற விஷயம், அதனால் பணம் வந்தது. 1898-ல் ரொனால்ட் ராஸ் இதே ஊரில்தான் குருவிகளை வைத்து மலேரியா கொசு வழியாகப் பரவுவதை நிரூபித்தார். அப்போது அவரிடம் கொசுக்களுக்கு முறையான பெயர்கூட இல்லை. ‘சாம்பல்’, ‘புள்ளி இறக்கை’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் தெரியாமல் வேலை எவ்வளவு தூரம் போகும்?

அந்த இடத்தை நிரப்பியவர்களில் ஒருவர் நம் பக்கத்து மனிதர். எம்.ஓ.டி. ஐயங்கார். முழுப்பெயர் மண்டயம் ஓசூரி திருநாராயண ஐயங்கார். மண்டயம் ஐயங்கார்கள் மைசூர் சீமையில் இருந்தாலும் வீட்டில் ஒருவிதத் தமிழ் பேசுகிறவர்கள். வங்காளப் பொது சுகாதார இலாகாவில் பூச்சியியலாளராக இருந்தார். மலேரியாவைச் சுமப்பது அனாஃபிலிஸ் கொசு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வங்காளத்தில் அதிலேயே பல இனங்கள், எல்லாமே ஆபத்தானவை அல்ல. பிலிப்பினென்சிஸ் என்பது நீர்ச்செடி மண்டிய நல்ல தண்ணீர்க் குளத்தில் முட்டையிடும். சுண்டைகஸ் என்பதற்கு உவர்நீர் வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் கண்ட குளத்தை எல்லாம் மூடினால் செலவு நமக்கு, லாபம் கொசுவுக்கு.

இதே பார்வையோடு ஐயங்கார் திருவிதாங்கூர் போய், சேர்த்தலை சதுப்புப் பகுதியில் யானைக்கால் நோயை ஆராய்ந்தார். 1938-ல் அறிக்கை வந்தது. அங்கே நோய் பரப்பிய மான்சோனியா கொசுவின் புழு தண்ணீர் மேலே வந்து மூச்சு விடுவதில்லை. ஆகாயத்தாமரையின் வேரைக் குத்தி, அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும். ஆகவே எண்ணெய் ஊற்றிப் பிரயோஜனம் இல்லை, செடியை அள்ள வேண்டும். இனம் தெரிந்தால் மருந்தும் தெரிகிறது.

இன்னொருவரையும் சொல்லாமல் போக மனசில்லை. பி. சூசை நாதன், காரைக்கால் பக்கம் குரும்பகரத்திலும் மலைகளிலும் பூச்சி பிடித்து உலகத்துக்கே அனுப்பியவர். அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் என்ற நிபுணர் அவற்றிலிருந்து நிறைய புதிய நெட்டைக்கால் ஈ இனங்களை விவரித்தார். ‘நாதனி’ என்று முடிகிற பெயர்கள் இவரால் வந்தவை.

சரி, உப்பு ஏரிக்கு வருவோம். பித்யாதரி ஆறு கடல் தண்ணீரைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. வண்டல் ஏறி ஏறி, 1928-ல் ஆறு செத்துவிட்டதாகவே அறிவித்தார்கள். நகரத்துச் சாக்கடைத் தண்ணீர் அந்த இடத்தைப் பிடிக்க, உவர்நீர் ஏரிகள் மீன் வளர்க்கும் ‘பேரி’கள் ஆயின. தண்ணீர் மாறினால் அதிலுள்ள ஈயும் மாறும். பிறகு பிதான் சந்திர ராய் காலத்தில், 1962-ல், ஹூக்ளி வண்டலைக் குழாயில் இறைத்து ஒரு பகுதியை மேடாக்கினார்கள். அதுதான் இன்றைய சால்ட் லேக். கைரோனோமிட் புத்தகம் வருவதற்குள் மண் வந்துவிட்டது. புருனெட்டி புத்தகங்களில் ‘கல்கத்தா’ என்று இடம் குறித்த பதிவுகள் நிறைய. ஆனால் எந்தக் கல்கத்தா? மியூசியத்து ஜன்னலா, ஏரிக்கரையா? கிளை பெயர் இல்லாத வவுச்சர் மாதிரிதான்.

மிச்சமிருக்கும் 12,500 ஹெக்டேரைக் காப்பாற்றியதில் துருவஜோதி கோஷ் என்ற இன்ஜினியருக்குப் பெரிய பங்கு. 1992-ல் உயர்நீதிமன்றம் அங்கே நிலம் தூர்க்கத் தடை விதித்தது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வழக்கு, கட்டுரை எல்லாவற்றிலும் மீனும் சாக்கடையும்தான் முன்னால் நின்றன. அந்த மீனுக்கு ஒரு தீனி கைரோனோமிட் புழு. சேற்றில் கிடக்கும் கழிவைத் தின்று வளரும். காற்றுக் குறைந்த சேற்றிலும் பிழைக்க, அதில் பலவற்றின் உடம்பில் நம்மைப்போலவே ஹீமோகுளோபின், அதனால்தான் சிவப்பு. மீன்தொட்டிக் கடையில் இரத்தப்புழு என்று விற்பது இதைத்தான்.

2021-ல் ஸூவாலஜிகல் சர்வேயின் முதல் பெண் டைரக்டராக திருதி பானர்ஜி பொறுப்பேற்றார். அவருடைய துறை ஈக்கள்தான்.

செக்டர் ஃபைவில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல்: சாயங்காலம் விளக்கைச் சுற்றித் தூண் மாதிரி மொய்க்கும் கூட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கைரோனோமிட்தான். ஆணின் மீசை இறகு மாதிரி இருக்கும். கடிக்காது.