ரேஷன் அரிசியும் செல்போனும்

மக்கள் குறையைத் தீர்ப்பது அரசா, சந்தையா என்று பொதுவாக வாதாடினால் முடிவு கிட்டாது. தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கும் இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

செல்போனில் வென்றது சந்தை. 1980களில் தொலைபேசி முழுக்க அரசின் கையில் இருந்தது. மனுப் போட்டவர்கள் இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1994ஆம் ஆண்டுக் கொள்கை தனியாருக்கு வழிவிட்டது. 1995இல் செல்போன் வந்தபோது, நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கட்ட வேண்டியிருந்தது. போட்டி வலுக்க வலுக்கக் கட்டணம் சரிந்தது. 2003இல் அந்தக் காசும் நின்றது. இன்று கட்டடத் தொழிலாளி முதல் மீனவர் வரை எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

அரிசியில் வென்றது அரசு. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷன் அட்டைதாரர்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அரிசி, 2011 ஜூன் முதல் இலவசமானது. ஏழைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்திருந்தால், பட்டியலில் விடுபட்ட ஏழையே முதலில் பட்டினி கிடந்திருப்பார். சந்தையோ காசுள்ளவரை மட்டுமே வாடிக்கையாளராகப் பார்க்கும். கூலி கிடைக்காத மாதத்தில் அதன் கதவு திறக்காது.

இரண்டிலும் ஓட்டைகள் உண்டு. ரேஷன் அரிசி எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது. வாங்காத பொருளுக்கும் சில இடங்களில் பில் விழுகிறது. செல்போன் நிறுவனங்களோ லாபம் இல்லாத மலைக் கிராமங்களுக்குக் கோபுரம் கொண்டுபோகத் தயங்குகின்றன. 2020 ஊரடங்கில் இணையவழி வகுப்புக்குச் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேடேறியதைப் பார்த்தோம். போட்டியாளர்கள் குறைந்தபின் 2024 ஜூலையில் கட்டணமும் ஏறியது.

ஒன்றன் ஓட்டையை அடைக்க மற்றொன்று தேவைப்படுகிறது. கடையில் பில் போட்டதும் அட்டைதாரரின் போனுக்குக் குறுஞ்செய்தி போகிறது; வாங்காத பருப்புக்குச் செய்தி வந்தால் அவர் புகார் செய்யலாம். செல்போன் சந்தை ஒழுங்காக நடக்க, 1997இல் அரசு அமைத்த ஒழுங்குமுறை ஆணையம் வேண்டியிருக்கிறது.

எனவே என் தீர்ப்பு இது: வாங்குபவர் வேண்டாம் என்று சொல்லி வேறு கடைக்குப் போக முடிந்த இடத்தில் சந்தை இருக்கட்டும், அரசு கண்காணிக்கட்டும். பசி, நோய், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றில் வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. அங்கே அரசு பொறுப்பைக் கைகழுவக் கூடாது.