பொருள்கோளும் பொருளமைப்பு வரைபடமும்

செய்யுளொன்றைக் கற்பிக்குங்கால் அதன் அருஞ்சொற்களுக்குப் பொருள் உணர்த்துதல் எளிது. அச்சொற்கள் எவ்வாறு ஒன்றோடொன்று இயைந்து ஒரு கருத்தாகின்றன என்பதனை உணர்த்துதலே அரிது. அகராதி வல்ல மாணவனும் ஒரு நெடும்பாட்டின் நடுவே நின்று, ‘இங்குப் பேசுவோர் யார்? எதனைப் பற்றிப் பேசுகின்றார்?’ என்று மயங்குதல் உண்டு. இம்மயக்கத்தைத் தீர்த்தற்குப் பாடத்தின் கருத்துகளைக் கோடும் கட்டமும் கிளையுமாக வரைந்து காட்டும் முறை, கல்வியியலாரிடையே சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. அதனைப் பொருளமைப்பு வரைபடம் என ஈண்டு வழங்குவாம். இதன் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து, தமிழ் இலக்கணத்துள் பொருள்கோள் என்று கூறப்படும் பகுதியோடு ஒப்புநோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். மேலைநாட்டார் இன்று கண்டதனை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று பெருமை பேசுதல் எம் கருத்தன்று. அவ்வகை ஒப்பீடுகள் இரு பக்கத்தையும் விளக்குவதில்லை. இரண்டிடத்தும் ஒரே இடர்ப்பாடு எழுந்தது என்பதும், அவ்விடர்ப்பாடு இன்றும் தீர்ந்திலது என்பதுமே எம்மை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தியவை.

மேலைநாட்டு வரலாற்றை முதலிற் காண்பாம். பொருள்களை இனமும் வகையுமாகக் கிளைத்துக் காட்டும் மரவடிவம் போர்பிரி என்னும் கிரேக்க அறிஞர் பெயரால் வழங்கி, இடைக்காலத் தருக்க நூல்களில் இடம்பெற்றது. எனினும், ஒரு நூலைக் கற்பிக்கும் கருவியாக வரைபடத்தைப் பெருவழக்காக்கியவர் பாரிசு நகரில் ஆசிரியராயிருந்த பீட்டர் ராமசு (1515-1572) எனலாம். அவரும் அவர் வழிவந்தோரும் எந்நூற்பொருளையும் இரண்டிரண்டாகப் பகுத்து, அடைப்புக் கோடுகளால் இணைத்து, ஒரே பக்கத்தில் அட்டவணையாகக் காட்டினர். இம்முறை பரவியதற்கும் அச்சுக்கலை பரவியதற்கும் உள்ள தொடர்பை வால்டர் ஆங் என்பார், ராமசு பற்றி 1958இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். செவியாற் கேட்டுக் கற்ற கல்வி, அச்சிட்ட பக்கத்தைக் கண்ணாற் கண்டு கற்கும் கல்வியாயிற்று. கருத்துகளுக்கும் பக்கத்தில் ஓர் ‘இடம்’ கிடைத்தது. ஆயின், எல்லாப் பொருளும் இரண்டாகவே பிளவுபடும் என்பது எவ்வாறு பொருந்தும்? ராமசின் அட்டவணைகள் நூலிலுள்ள ஒழுங்கைக் காட்டினவா, அன்றித் தம் ஒழுங்கை நூலின்மேல் ஏற்றினவா என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது. இவ்வினாவைப் பின்னரும் எடுத்தாள்வோமாகலின், மாணவர் இதனை நினைவிற் கொள்க.

அமெரிக்காவில் 1877இல் ரீடு, கெலாகு என்னும் இருவர் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடநூல், வாக்கியத்தை வரைந்து பகுக்கும் முறையைப் பள்ளிகளில் நிலைநிறுத்தியது. நேர்க்கோடொன்றில் எழுவாயும் பயனிலையும் அமைய, அவற்றைச் செங்குத்துக் கோடு பிரிக்கும். அடைகள் கீழே சாய்கோடுகளில் தொங்கும். இது வாக்கிய அளவில் நின்றதேயன்றிப் பாட முழுமைக்கும் செல்லவில்லை.

பாட முழுமைக்குச் செல்லும் வழியைத் திறந்தவர் டேவிட் ஆசுபெல் என்னும் உளவியலறிஞர். அவர் 1960இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கல்லாகக் கருதப்படுகின்றது. எஃகின் இயல்புகளைப் பற்றிய நீண்ட பாடமொன்றைக் கல்லூரி மாணவர்க்குப் படிக்கக் கொடுத்து, அதற்கு முன்னர் ஒரு பகுதியினர்க்குப் பாடத்தின் அடிப்படைக் கருத்தைப் பொதுநிலையில் உணர்த்தும் முன்னுரையையும், மற்றொரு பகுதியினர்க்கு அத்துறையின் வரலாறு கூறும் முன்னுரையையும் அவர் கொடுத்தார். முன்னவரே பாடத்தைக் கூடுதலாக நினைவிற் கொண்டனர். வேறுபாடு பெரிதன்று எனினும் புறக்கணிக்கத் தக்கதன்று. இங்கு எம் உள்ளத்தைத் தைப்பது வேறொன்று. பயன் குறைந்ததாகக் காணப்பட்ட அந்த வரலாற்று முன்னுரை எத்தகையதோ, அத்தகைய முன்னுரையையே நம் கல்லூரி வகுப்புகளில் யாம் பெரும்பாலும் வழங்கிவருகின்றோம். ஆசிரியர் ஊர், காலம், பாடப்பட்டோன் குடிவழி ஆகியவற்றில் ஒரு பாடவேளை கழிந்தபின்னரே பாட்டின் முதலடி வரும்.

ஆசுபெல் கூறிய முன்னுரை உரைநடையால் ஆயது. அதனை வரைபடமாக மாற்றியவர் ரிச்சர்டு பாரன் (1969). பாடத்தின் கலைச்சொற்களைக் கிளைவடிவில் முன்னதாக வரைந்து காட்டுவது அவர் முறை. அதன்பின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவர் குழுவினரும் 1972 முதல் கருத்து வரைபடம் என்னும் முறையை வளர்த்தனர். இரு கருத்துகளை இணைக்கும் கோட்டின்மேல், அவ்விணைப்பு எத்தகையது என்பதனையும் சொல்லால் எழுதுதல் வேண்டும் என்பது அம்முறையின் சிறப்பு. அமெரிக்க நாட்டுப் படிப்பாய்வுக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை, படித்துப் பொருளுணர்தலை வளர்க்கும் முறைகளுள் வரைபடத்தையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் புகுந்த படைப்பாற்றல் கல்வி முறையில், ‘மனவரைபடம்’ ஒரு படிநிலையாக இடம்பெற்றது.

இவ்வரலாற்றில் நாம் கூர்ந்து நோக்கத்தக்க திருப்பம் ஒன்றுண்டு. ஆசிரியர் முன்னதாக வரைந்து கொடுக்கும் படத்தினும், மாணவர் பாடத்தைப் படித்தபின் தாமே வரையும் படம் கூடுதற் பயன் தருகின்றது என்று பாரனும் சிடோனும் 1974இல் கண்டனர். பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய மூர், ரீடன்சு ஆகியோரும் 1984இல், படித்தபின் வரையப்படும் படத்தின் பயனே மிகுதி என்னும் முடிவுக்கு வந்தனர். ஆகவே, வினா ‘வரைபடம் பயன்படுமா?’ என்பதினின்று ‘அதனை வரைவோர் யார்? எப்போது வரைகின்றார்?’ என்பதாக மாறிற்று.

இனித் தமிழ் மரபை நோக்குவாம். தொல்காப்பியர் எச்சவியலில் நிரனிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கினைக் கூறி, அவற்றை மொழிபுணர் இயல்பு என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், ஆற்றுநீர், மொழிமாற்று, நிரனிறை, விற்பூட்டு, தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று எனப் பொருள்கோள் எட்டு என்பர். பெயர்கள் மிக்கதனை மட்டும் நோக்குவார், அவற்றின் தன்மை மாறியதனைக் காணத் தவறுவர். தொல்காப்பியர் கூறிய நான்கனுள் சுண்ணம் ஒன்றே பொருளொன்றின் பெயரால் அமைந்தது. ஏனைய மூன்றும் செயலையோ வரிசையையோ குறிப்பன. நன்னூலார் பட்டியலிலோ பாதி உவமப் பெயர்கள். ஆற்றின் நீர் பின்னோக்காது ஓடுகின்றது. வில்லின் இரு தலையையும் நாண் பூட்டுகின்றது. ஊசல் நடுநின்று இருபுறமும் செல்கின்றது. அளையுள் புகும் பாம்பு தலையை மேலே மடக்குகின்றது. இப்பெயர்கள் நன்னூலார் தாமே படைத்தன அல்ல. யாப்பருங்கல விருத்தியிலும் இவ்வகைப் பெயர்கள் உள.

இவை எதனைக் குறிக்கின்றன? செய்யுளில் எழுத்து முதலினின்று இறுதி நோக்கியே செல்கின்றது. அதற்கு வேறு வழியில்லை. பொருளோ அவ்வழியே செல்லாமல் திரும்பியும் தாவியும் பிரிந்தும் செல்கின்றது. அவ்வாறு செல்லும் பொருளின் தடத்தையே இப்பெயர்கள் வரைகின்றன. பனையோலையில் செய்யுள் அடி பிரியாது தொடர்ந்து எழுதப்பட்டது. அங்கே கோடு வரைந்து சொல்லையும் சொல்லையும் இணைத்துக் காட்ட இடமுமில்லை, எழுத்தாணிக்கு அது எளிய வேலையுமன்று. எனவே, வரைய வேண்டிய படத்தை ஒரு சொல்லாக்கி மாணவன் உள்ளத்தில் வைத்தனர் என்று கொள்ளுதல் பொருந்தும். நாகபந்தம் முதலிய சித்திரகவிகள் படமாகவே வரையப்படுகின்றனவே எனின், அவை பாடினோன் திறத்தைக் காட்ட எழுந்தன; படிப்போன் உணர்வை வழிப்படுத்த எழுந்தன அல்ல என்க.

நிரனிறையை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவாம். திருக்குறளின் 45ஆம் பாட்டில் அன்பு, அறன் என இரண்டும், பண்பு, பயன் என இரண்டும் நிரலே நிற்கின்றன. அன்பிற்குப் பண்பும் அறத்திற்குப் பயனும் உரியன. இவற்றை மேலும் கீழுமாக எழுதிக் கோடிட்டால் இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டாமல் இறங்கும். 410ஆம் பாட்டில் விலங்கு, மக்கள் என முன்னும், கற்றார், ஏனையவர் எனப் பின்னும் நிற்கின்றன. இதனை இலக்கண நூலார் எதிர்நிரனிறை என்பர். இங்குக் கோடுகள் குறுக்கே வெட்டிச் செல்லல் வேண்டும். வெட்டாமல் வரையும் மாணவன் கற்றாரை விலங்காக்கி விடுவான்! அவன் பிழை எங்குளது என்பதனை நெடிய விளக்கத்தினும் அவ்விரு கோடுகள் விரைவிற் காட்டும். ஆயின், இன்றைத் தேர்வுகளில் எதிர்நிரனிறைக்கு இலக்கணம் கேட்கப்படுகின்றதேயன்றி, முன்பின் அறியாத செய்யுளொன்றைக் கொடுத்து அதன் பொருள் செல்லும் தடத்தைக் காட்டுமாறு கேட்கப்படுதல் அரிது. எட்டுப் பெயரையும் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றவர், ஒன்பதாவது செய்யுளின்முன் திகைத்து நிற்பதனை நாம் காண்கின்றோம்.

முன்னதாக வழங்கும் அமைப்பும் தமிழில் உண்டு. நூலுக்குப் பாயிரமும் தனிச் செய்யுளுக்குத் துறைக்குறிப்பும் அப்பணியைச் செய்தன. ஆக்கியோன் பெயர் முதலாகப் பாயிரம் கூறும் எட்டனுள், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பனவும் அடங்குதலால், வரலாற்று முன்னுரை, கருத்து முன்னுரை இரண்டும் அதனுள் அமைந்தன. இவற்றுள் முன்னதனை மட்டும் பெருக்கிக்கொண்டது பிற்காலத்தார் செயல்.

துறைக்குறிப்பின் ஆற்றலைப் பட்டினப்பாலையிற் காணலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இப்பாட்டு 301 அடிகளை உடையது. காவிரியிற் தொடங்கிப் புகார் நகரின் வளத்தை 217 அடிகள் விரிக்கின்றன. 218 முதல் 220 வரையுள்ள அடிகளில்தான் தலைவன் தன் நெஞ்சை நோக்கி, அப்பட்டினமே கிடைப்பினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்கின்றான். பின்னர்க் கரிகாற் பெருவளத்தானின் வீரம் வளர்கின்றது. இறுதியிலுள்ள 299 முதல் 301 வரையுள்ள அடிகளில், அம்மன்னன் வேலினும் கானம் வெவ்வியது, அவன் செங்கோலினும் அவள் தோள் குளிர்ந்தது என முடிகின்றது. செலவழுங்குதல் என்னும் துறையை அறியாது படிப்போன், 217 அடி வரை இதனை நகர்வாழ்த்து என்றே கருதுவான். பின் அரசவாழ்த்து என்று மாற்றிக்கொள்வான். துறையறிந்து வரைபவனுக்கோ, ஆறே அடிகளாலாகிய மெல்லிய காவடித் தண்டொன்றில் நகரும் மன்னனும் இரு பெரும் பாரமாகத் தொங்குவது புலனாகும். ‘218ஆம் அடி’ என்று நாம் எளிதிற் சுட்டுவதும் அச்சுப் பதிப்பு அளித்த வசதியே. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததும், 1950களின் பிற்பகுதியில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகளில் சங்கப் பாடல்கள் சந்தி பிரித்து அச்சிடப்பட்டதும் படிப்போன் கண்ணுக்கு வழியமைத்த செயல்கள்.

ஈண்டு, ராமசைப் பற்றி எழுந்த வினா நம்மிடத்தும் எழுகின்றது. பத்துப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், ஓரிடத்துச் சொல்லைத் தொலைவிலுள்ள மற்றோரிடத்துச் சொல்லோடு கொணர்ந்து கூட்டிப் பொருள் முடிப்பர். தொல்காப்பியச் செய்யுளியலிற் கூறப்படும் மாட்டு என்னும் உறுப்பே அவர்க்கு ஆதாரம். பொருள் அகன்று கிடப்பினும் அணுகிக் கிடப்பினும் இயைத்து முடித்தல் அவ்வுறுப்பின் இயல்பாதலின், அவர் செயல் விதியற்றது என்று கூறுதல் இயலாது. எனினும், மறைமலையடிகள் 1903இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இம்முறையைக் கடுமையாக மறுத்தார். பாட்டின் சொற்கள் நின்ற முறையே புலவன் உள்ளம் சென்ற முறை. அதனைச் சிதைத்துக் கூட்டுதல் பாட்டை அழிப்பதாகும் என்பது அவர் கொள்கையின் சாரம். 103 அடிப் பாட்டொன்றில் எழுந்த இம்மாறுபாடு, உரையாசிரியர் இருவரது பூசலன்று. கருத்தின் அமைப்பைக் காட்டும் படமும், பாட்டின் ஓட்டத்தைக் காட்டும் படமும் வேறு வேறு என்பதே அதன் உட்கிடை. நச்சினார்க்கினியர் முன்னதனை வரைந்தார்; அடிகள் பின்னதனை வேண்டினார்.

எம் கருத்தில், பொருளை முதன்முறை உணர்தற்கு நச்சினார்க்கினியர் வழி இன்றியமையாதது. பாட்டைப் பாட்டாக நுகர்தற்கு அது போதாது. பட்டினப்பாலையில் இறுதி மூன்றடியை 218ஆம் அடிக்கு முன்னே கொணர்ந்து வைத்தால், தலைவன் கூற்றும் அதன் காரணமும் ஓரிடத்தே அமைந்து தெளிவு பிறக்கும். ஆனால் கரிகாலன் புகழையெல்லாம் கேட்டபின், அவன் கோலினும் அவள் தோளே தண்ணியது என்று கேட்குங்கால் உண்டாகும் வியப்பு அங்கே இராது. அப்படத்தை உரையாசிரியரோ வகுப்பாசிரியரோ வரைந்து கொடுத்துவிட்டால், மாணவன் இழந்தது இன்னது என்பதனையும் அறியான். அவனே வரைவானாயின், அவ்வடிகளைத் தன் கையாற் பெயர்க்குங்கால் அவை ஏன் அங்கே நின்றன என்று கேட்பான்.

ஆகவே, முதுகலை வகுப்பில் இப்பாட்டைத் தொடங்குங்கால் துறையை மட்டும் முன்னர்க் கூறி, உரையை மூடிவைத்து, பாட்டு முழுவதையும் இருமுறை படிக்கச்செய்து, பின் இரு தாள்களில் இரு படங்களை மாணவர் வரையுமாறு செய்யலாம். ஒன்று பொருள் முடிபைக் காட்டுவது. மற்றொன்று அடிகள் நின்ற முறையைக் காட்டுவது. அதன்பின்னரே நச்சினார்க்கினியர் உரையைத் திறந்து, தம் முதற் படத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். இதற்கு மூன்று பாடவேளை செல்லும். அக்காலத்தை எங்கிருந்து பெறுவது என்று வினவுவார்க்கு, கரிகாலன் காலம் பற்றிய குறிப்புரையைச் சுருக்கிப் பெறலாம் என்பதே எம் விடை. மறைமலையடிகளின் முல்லைப்பாட்டு உரையும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் மாணவர்க்குப் பாடம் கூறிவந்த காலத்து எழுந்ததே.